சாவியை எடுத்தும் நிற்காத கார்

வண்டியைப் பற்றி எல்லாம் தெரிந்தவனிடம் வண்டியைக் கொடுக்கலாம். ஒன்றுமே தெரியாதவனிடம்கூடக் கொடுக்கலாம்; பயந்துபோய்த் தொடாமலாவது இருப்பான். வண்டியைப் பற்றிப் படித்தவனிடம் மட்டும் கொடுக்கக் கூடாது. இதை நான் அடித்துச் சொல்கிறேன் என்றால், அந்த மூன்றாவது ஆள் நான்தான் என்று அர்த்தம்.

அப்போது எனக்கு இருபது வயது. மெக்கானிக்கலில் டிப்ளமோ முடித்து, சுரங்கத்து வண்டிகளுக்கான ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த நான்கு மாதத்தில் நான் செய்த மிகப் பெரிய இயந்திர வேலை, பிறர் கழற்றிக் கொடுத்த போல்ட்டுகளை டீசலில் கழுவித் துணியில் பரப்பி வைத்தது. ஆனால் வாயால் நான் பிரித்து மாட்டாத என்ஜின் கிடையாது. டவுன்ஷிப் நூலகத்துக்கு வெளிநாட்டு மோட்டார் பத்திரிகைகள் வரும். (ஆறு மாதம் பழசு. எனக்கு அதெல்லாம் அன்றைய செய்தி.) அவற்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்து பேட்டரி விளம்பரம் வரை படித்துவிட்டு வந்து, சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து அம்மாவுக்கு விளக்குவேன். அம்மா மோர் ஊற்றட்டுமா என்று கேட்பாள்.

அப்பா சுரங்கத்தில் டம்பர் ஆபரேட்டர். வீட்டு உயரத்துக்கு இருக்கும் அந்த மண் சுமக்கும் லாரியைப் பதினாறு வருடமாக ஓட்டுகிறவர். அவர் என்ஜினைப் பற்றிப் பேசியே நான் கேட்டதில்லை. நான் குடைந்து குடைந்து கேட்டால்தான் ஒன்றிரண்டு வார்த்தை உதிரும். அப்படி உதிர்ந்த ஒன்றுதான் இந்தக் கதைக்கே விதை.

"ஷிஃப்ட் மாறும்போது ஆயில் எப்படிப்பா பாப்பீங்க?"

"வண்டி ஓடிட்டு இருக்கும்போதே பாக்கணும்ல. நிறுத்திட்டுப் பாக்க அங்க யாருக்கு நேரம்? இறங்குறவன் இறங்குவான், ஏறுறவன் ஆயில் குச்சிய உருவிப் பாத்துட்டு ஏறுவான்."

இதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போனது. எந்தப் பத்திரிகையிலும் இல்லாத நுட்பம்! அன்றே நோட்டில் எழுதிக்கொண்டேன்: 'உண்மையான ஆயில் அளவு என்ஜின் ஓடும்போதுதான் தெரியும்.' அப்பா சொன்னது டம்பரைப் பற்றி என்பதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என்னால் ஒரு வேலையை இழக்க இருந்தவள் அவள்.

எங்கள் ஊரில் ஓர் ஆளை அறிமுகம் செய்தால் பெயருக்கு அடுத்து வருகிற கேள்வி, "பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?" என்பதுதான். அக்கா வடிவு இரண்டுமில்லை. அவள் லீவ் வேகன்ஸி. பி.எஸ்ஸி. பிசிக்ஸ், பி.எட். முடித்து ஆறு வருடமாக, ஏதாவது ஒரு டீச்சர் பிள்ளை பெற்றால் அக்காவுக்கு மூன்று மாதம் வேலை. யாராவது தடுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டால் நாற்பது நாள். டவுன்ஷிப்பில் எந்த டீச்சருக்கு எத்தனையாவது மாதம் என்று ஆஸ்பத்திரிக்கு அடுத்தபடியாக எங்கள் வீட்டில்தான் துல்லியமாகத் தெரியும். எனக்கும் அவளுக்கும் எட்டு வயது வித்தியாசம். பெண் கேட்டு வந்தவர்களெல்லாம், "வேலை பர்மனென்ட் ஆகட்டும், பேசிக்கலாம்" என்று காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை வேலைக்குக் கடலூரில் நேர்முகத் தேர்வு என்று கடிதம் வந்தது. காலை பத்து மணி. வயது வரம்பு தாண்ட இன்னும் சில மாதங்களே இருந்தன. இது தவறினால் அடுத்த அழைப்பு அவளுக்கு வராது. அக்கா அந்தக் கடிதத்தைப் பைலில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அம்மா கஞ்சி போட்டு விறைப்பாகத் தேய்த்த வெளிர்நீலப் பருத்திப் புடவை ஹேங்கரில் தொங்கியது. அதன் பக்கத்தில் போகக்கூட எனக்கு அனுமதியில்லை.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு பஸ் ஸ்டிரைக் ஆரம்பித்தது.

அக்கா அழவில்லை. சைக்கிளில் எத்தனை மணிக்குக் கிளம்பினால் கடலூர் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்தாள். அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ராஜகோபால் சார் வாசலில் வந்து நின்றார்.

ராஜகோபால் சார் கோயம்புத்தூர்க்காரர். சுரங்கத் திட்டப் பிரிவில் அதிகாரி. அவருடைய மகளுக்கு அக்கா மாலையில் கணக்கு சொல்லிக்கொடுத்து வந்தாள். எறும்பைக்கூட 'ங்க' போட்டு அழைக்கிற மனிதர். அவரிடம் டவுன்ஷிப் முழுக்கப் பேர்போன ஒரு கார் இருந்தது. சுரங்க இயந்திரங்களை நிறுவ வந்த ஒரு வெளிநாட்டு என்ஜினியர் கொண்டுவந்து, ஊர் திரும்பும்போது முறைப்படி கைமாற்றிவிட்டுப் போனது. ஸ்டியரிங் இடது பக்கம். நிறம் பச்சை. மற்றவர்களுக்கு அது ஸ்டியரிங் மாறிப்போன கார்; எனக்கு மட்டுமே தெரியும், அது டர்போ டீசல் என்று.

"டீச்சரம்மா நடந்தா போவாங்க? நானே கொண்டுபோய் விடறனுங்க," என்றார் சார்.

அம்மா கும்பிட்டாள். அக்கா முதல்முறையாகச் சிரித்தாள். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. நான் குறுக்கே புகுந்தேன்.

"சார், லாங் டிரிப். ஆயில் செக் பண்ணணும். நான் வந்து பாத்துத் தர்றேன்."

"தம்பிக்குத் தெரியுமுங்களா?"

"சார்!" என்றேன். அந்த ஒரு சொல்லில் என் நான்கு மாத போல்ட் கழுவிய அனுபவம் முழுவதும் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டு போர்ட்டிகோவில் பானெட்டைத் திறந்தேன். வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு டர்போசார்ஜரை நேரில் பார்க்கிறேன். நத்தைக் கூடு மாதிரி இருந்தது. கைகூப்பாத குறை.

"நாலு சிலிண்டர் சார். ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்தெட்டு சி.சி. போர் எழுபத்தாறரை மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் எண்பத்தாறு புள்ளி நாலு. கம்ப்ரஷன் இருபத்து மூணுக்கு ஒண்ணு. வெளியேறுற புகையே இந்த நத்தையைச் சுத்தும், நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல. அது காத்தை அமுக்கி உள்ளே திணிக்கும். எழுபது குதிரை சார்!"

"அப்படிங்களா," என்றார் சார், குதிரைகள் எங்கே நிற்கின்றன என்று தேடுகிறவர் போல.

"இதுல வர்ற கோளாறும் எனக்குத் தெரியும். டைமிங் பெல்ட் அறுந்தா வால்வு வளைஞ்சிரும். ஹெட்ல ரெண்டு வால்வுக்கு நடுவுல கீறல் விழும். ஹெட் கேஸ்கட் போகும். டர்போவோட ஆயில் சீல் போகும். எல்லாத்துக்கும் மூலகாரணம் ஒண்ணுதான் சார், ஆயில் குறையறது."

கடைசி வரி என் சொந்தச் சரக்கு.

"இப்ப ஸ்டார்ட் பண்ணி விடுங்க. ஓடும்போது பாக்கணும்."

"நிறுத்தி வெச்சுத்தான் பாக்கோணும்னு அந்த வெளிநாட்டுக்காரர் சொன்ன ஞாபகமுங்க..."

"மைன்ஸ்ல நாங்க ஓடும்போதுதான் சார் பாப்போம்."

மைன்ஸ் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் மறுபேச்சு கிடையாது. சார் ஸ்டார்ட் செய்தார். நான் ஆயில் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்தேன். நுனியில் மட்டும் ஈரம். குறைந்தபட்சக் கோட்டுக்கும் வெகு கீழே! ("நல்லவேளை நான் வந்தேன்" என்று சொன்னதாகவும் ஞாபகம்.) ஒரு லிட்டர் ஊற்றினேன். மறுபடி பார்த்தேன். இன்னும் கோட்டைத் தொடவில்லை. இன்னொரு லிட்டர் ஊற்றினேன். அப்போதுதான் கோடு நனைந்தது. சார் முகத்தில் நன்றி.

உண்மை இதுதான். என்ஜின் ஓடும்போது அடியில் இருக்கிற ஆயிலில் ஒரு பகுதி மேலே ஏறி எல்லாப் பாகங்களையும் நனைத்துக்கொண்டிருக்கும். குச்சியில் அளவு குறைவாகத்தான் தெரியும். அப்பாவின் டம்பரில் குச்சிக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் ஓடும்போது பார்க்க, மறுபக்கம் நிற்கும்போது பார்க்க, தனித்தனிக் கோடு போட்டிருப்பார்கள். இந்தக் கார் குச்சிக்கு ஒரே முகம். நிறுத்திப் பார்க்க மட்டுமே ஆனது. நாலரை லிட்டர் மட்டுமே குடிக்க வேண்டிய வயிற்றில் நான் ஆறரை லிட்டரை ஏற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சார் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். சார் ஓட்ட, நான் முன்னால். அக்கா பின்சீட்டில் மடியில் பைலோடு, புடவை கசங்காமல் இருக்க முதுகைச் சாய்க்காமல். சார் முப்பது கிலோமீட்டர் வேகத்தில், எதிரே வந்த ஒவ்வொரு மாட்டுக்கும் வழிவிட்டு ஓட்டினார். வடலூர் தாண்டும்போது பின்னால் லேசாக நீலப் புகை வந்தது.

"டேய், பின்னாடி புகை வருது," என்றாள் அக்கா.

"டர்போ சூடேறுதுக்கா. நல்ல அறிகுறி."

"எனக்கு அப்படித் தெரியலை."

"நீ ஒளிவிலகல் படி. இதை நான் பாத்துக்கிறேன்."

அக்கா படித்தாள். என்னால்தான் சும்மா இருக்க முடியவில்லை. இந்த மனிதர் இப்படி ஓட்டினால் டர்போ இருப்பதற்கே அர்த்தமில்லையே என்ற கவலை என்னைத் தின்றது. குள்ளஞ்சாவடிக்குச் சற்று முன்னால், பலாப்பழம் ஏற்றிய லாரி ஒன்று எங்களுக்கு முன்னே ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது.

"சார், ரெண்டாயிரத்து ஐந்நூறு சுத்துக்கு மேல போனாத்தான் டர்போ உதைக்கும். ஒரே ஒரு தடவை நல்லா மிதிச்சுப் பாருங்க சார். லாரியைத் தாண்டிடலாம்."

"வேண்டாமுங்க தம்பி, டீச்சரம்மா இருக்காங்க..."

"ஒரே ஒரு தடவை சார்."

சார் நல்லவர். யார் எதைக் கேட்டாலும் செய்துவிடுவார். மிதித்தார்.

கார் உதைத்துக்கொண்டு கிளம்பியது. லாரி பின்னால் போனது. எனக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது. சார் காலை எடுத்தார். கார் வேகம் குறையவில்லை. இன்னும் கூடியது.

"தம்பி," என்றார் சார், மரியாதை குறையாமல், "காலை எடுத்துட்டனுங்க."

"அப்ப ஏன் சார் போகுது?"

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன்."

சார் கிளட்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கில் ஏறி நின்றார். கார் நின்றது. என்ஜின் நிற்கவில்லை. சுரங்கத்து சைரனை யாரோ பானெட்டுக்குள் வைத்து விடாமல் அழுத்துவது போல ஓலமிட்டது. குள்ளஞ்சாவடிக் கூட்டுரோட்டில், ஓர் உரக்கடை வாசலில், காலை எட்டரைக்கு, அனல் மின்நிலையத்துப் புகைபோக்கியைப் படுக்கவைத்து ஊதியது போல வெள்ளைப் புகை கிளம்பியது. சார் சாவியைத் திருப்பினார். ஓலம் குறையவில்லை. சாவியை உருவியே விட்டார். ஓலம் ஏறியது. கதவைத் திறந்து இறங்கி நடுரோட்டில் சாவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சாவி அங்கே, கார் இங்கே, கார் ஓடுகிறது. அப்படி ஒரு நிராதரவான முகத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அக்கா பைலை மார்போடு அணைத்துக்கொண்டு புகையிலிருந்து வெளியே ஓடிவந்தாள். கூட்டம் கூடிவிட்டது.

"இன்னாபா இது, வெடிச்சிடுமா?"

"ஓடிப் போங்கடா, வெடிக்கப் போவுது!"

ஓடிப்போகச் சொன்னவரே ஓர் எட்டு முன்னால் வந்து எட்டிப் பார்த்தார். டீக்கடைக்காரர் வாளித் தண்ணீரோடு வந்துவிட்டார். நான் குறுக்கே பாய்ந்தேன்.

"தண்ணி ஊத்தாதீங்க! ஹெட் கீறிடும்! ரெண்டு வால்வுக்கு நடுவுல..."

"ஊத்தல. வேற இன்னா பண்ணணும், சொல்லு, பண்றேன்," என்றார் அவர், வாளியை இறக்காமல்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சார் பார்த்தார். அக்கா பார்த்தாள். நான் படித்த எல்லாப் பக்கங்களையும் மனசுக்குள் புரட்டினேன். குதிரைத்திறன் இருந்தது, எடை இருந்தது, நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை விநாடி என்பது இருந்தது. நிறுத்துவது எப்படி என்பது மட்டும் எந்தப் பத்திரிகையிலும் இல்லை.

"கம்ப்ரஷன் இருபத்து மூணுக்கு ஒண்ணு," என்றேன்.

டீக்கடைக்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "பாவம், பையன் பயந்துட்டான்," என்றார்.

அதற்குள் நாங்கள் தாண்டி வந்த லாரி வந்து நின்றது. அதிலிருந்து லுங்கியை மடித்துக் கட்டியபடி டிரைவர் குதித்தார். பெயர் ஏழுமலை என்று பிறகு தெரிந்தது. புகையை மோந்தார். சார் கையில் இருந்த சாவியைப் பார்த்தார்.

"சாவிய புடுங்கினா? இது டீசல உட்டுட்டு ஆயில குடிச்சிக்கினு ஓடுது சார். தள்ளுங்க."

வேகமாகப் போய் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். கையை நீட்டினார். ஸ்டியரிங் இல்லை.

"எங்கய்யா ஸ்டியரிங்கு?"

"அந்தப் பக்கமுங்க," என்றார் சார்.

ஏழுமலை அப்படியே நகர்ந்து இடப்பக்கம் வந்தார். கிளட்ச், டாப் கியர். பிரேக்கை மிதித்து எழுந்தே நின்றார். கிளட்சைச் சட்டென்று விட்டார். கார் ஒருமுறை தூக்கிப் போட்டது. உலுக்கியது. நின்றது.

அந்த அமைதி இருக்கிறதே, அதில் எங்கோ ஓர் ஆடு கத்தியதுகூடத் தெளிவாகக் கேட்டது.

ஏழுமலை பானெட்டைத் திறந்தார். சூடு தணிய ஒரு பீடி முழுசாகப் பிடித்துவிட்டு, குச்சியை உருவிப் பார்த்தார். கோடெல்லாம் முழுகி, கைப்பிடி வரை ஆயில்.

"யாரு ஊத்தனது?"

 எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"வண்டி ஓடச்சொல்ல பாத்தியா, நின்னப்புறம் பாத்தியா?"

"ஓடும்போது. மைன்ஸ்ல அப்படித்தான்..."

"இது இன்னா மைன்ஸா?"

அவ்வளவுதான் கேட்டார்.

அக்கா அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதடிக்கப் பத்து நிமிடம். நேராக ஏழுமலையிடம் போனாள்.

"அண்ணே, நீங்க கடலூர்தானே போறீங்க? எனக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ. ஏத்திக்கிட்டுப் போவீங்களா?"

"ஏத்திக்கினு போறேம்மா. ஆனா பாதி லோடு இங்க மண்டில எறக்கணும். பஸ்ஸு இல்லாம ஆளுங்க வரல. நான் ஒருத்தனா எறக்கினா பதினோரு மணி ஆயிடும்."

அக்கா பைலை சாரிடம் கொடுத்தாள். ஆறு வருடக் காத்திருப்பைக் கஞ்சி போட்டுத் தேய்த்த அந்த வெளிர்நீலப் புடவையின் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். லாரியின் பின்பக்கம் போய் இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடுங்க."

ஒரு பலாப்பழம் என்ன எடை இருக்கும் என்பது எந்தப் பத்திரிகையிலும் இல்லை. நான் அன்று தெரிந்துகொண்டேன். ஏழுமலை மேலிருந்து கொடுக்க, நானும் அக்காவும் சாரும் வாங்கி மண்டிக்குள் அடுக்கினோம். (சார் ஒவ்வொரு பழத்தையும் "கொடுங்க" என்று வாங்கினார்.) டீக்கடைக்காரரும் வந்து கைகொடுத்தார். பலாப்பால் அக்காவின் புடவையில் பிசுக்குப் பிசுக்காக ஒட்டியது. அதன் மேல் தூசி. முகத்தில் ஏற்கெனவே ஆயில் புகை. நான் அவளைப் பார்க்காமல் இருக்க, பழத்தையே பார்த்துக்கொண்டு வேலை செய்தேன். கடைசிப் பழம் இறங்கியபோது ஒன்பதே முக்கால்.

நான் லாரியில் ஏறக் காலை வைத்தேன்.

"நீ வராதே," என்றாள் அக்கா. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நீ இங்கயே இரு. எதையும் தொடாம இரு."

லாரி போய்விட்டது. நானும் சாரும் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். சார் உரக்கடைக்குப் போய் ஆபீசுக்கு போன் போட்டுவிட்டு வந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு பலாச்சுளையை இரண்டாகப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டி, "சாப்பிடுங்க தம்பி. காலையில ஒண்ணுமே சாப்பிடலைங்களே," என்றார். நான் அழுதுவிட்டேன். சுளை நன்றாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்று மணிக்கு மேல் அப்பா வந்தார். காலை ஷிஃப்ட் முடிந்து குளிக்காமல்கூட, கூட வேலை பார்க்கிறவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, கையில் ஸ்பானரும் காலி டின்னுமாக. குச்சியை உருவிப் பார்த்தார். துடைத்து மறுபடி செருகிப் பார்த்தார். என்னிடம் கேட்கவில்லை, அவருக்கே தெரிந்துவிட்டது.

"ஏல, நான் சொன்னது டம்பருக்குல்லா," என்றார்.

பிறகு மல்லாந்து காருக்கு அடியில் போய்விட்டார். அங்கிருந்தபடி, "நானும் சரியாச் சொல்லியிருக்கணும்," என்று ஒரு குரல் வந்தது. அன்றைக்கு நான் கேட்ட வார்த்தைகளிலேயே என்னைக் குத்தியது இதுதான்.

அக்கா பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தாள். அம்மா புடவையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "ஆச்சாடி?" என்றாள். "ஆச்சு," என்றாள் அக்கா. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. என்னிடம் அந்த ஒரு சொல்லும் கிடையாது. அவள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நான் தட்டு எடுப்பேன். ராஜகோபால் சாரின் காரை அப்பாவும் அவருடைய நண்பர்களும் வார விடுமுறை தோறும் போய்ப் பிரித்து, கழுவி, டர்போவின் சீலை மாற்றி ஓடவைத்தார்கள். நான் போல்ட் கழுவப் போனேன். கழுவிய போல்ட்டை மாட்ட என்னை யாரும் கூப்பிடவில்லை. நூலகத்துப் பக்கமே நான் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தபால் வந்தது. அக்கா பிரித்தாள், படித்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பணி நியமன ஆணை. அம்மா சாமி படத்தை நோக்கி ஓடினாள். அப்பா கடிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்திருப்பதுகூடத் தெரியாமல் வெகுநேரம் பார்த்தார்.

அன்றைக்குத்தான் அக்கா உள்ளே நடந்ததைச் சொன்னாள். அவள் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். வாசலில் இருந்த பியூன், பெயர் கூப்பிட்டாகிவிட்டது, ஆப்சென்ட் போட்டாகிவிட்டது என்று மறித்திருக்கிறார். அக்கா நகரவில்லை. கதவு திறந்தபோது உள்ளே இருந்த ஒரு பெண் அதிகாரி பார்த்துவிட்டார். முகம் கரி, புடவையில் பலாப்பால்.

"என்னம்மா இது கோலம்? ஏன் லேட்டு?"

வழியெல்லாம் அக்கா ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தாளாம். பஸ் ஸ்டிரைக், மதிப்பிற்குரிய, தயவுகூர்ந்து என்றெல்லாம். வாயைத் திறந்ததும் எல்லாம் மறந்து உண்மை வந்துவிட்டது.

"என் தம்பிக்கு என்ஜினைப் பத்தி எல்லாமே தெரியும் மேடம். அதனாலதான் லேட்டு."

 மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் சிரித்திருக்கிறார்கள். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைசியா கூப்பிடுறேன், முகம் கழுவிட்டு வா," என்றாராம். கடைசியாக உள்ளே போனபோது ஒளிவிலகலைக் கேட்கவே இல்லை. சாவியை எடுத்த பிறகும் டீசல் என்ஜின் ஏன் ஓடியது என்று கேட்டார்கள். டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது, அமுங்கிச் சூடான காற்றில் எரிகிற எது உள்ளே வந்தாலும் எரியும், அளவு மிஞ்சித் தளும்பிய ஆயில் வந்தாலும் எரியும் என்று அக்கா கரும்பலகையில் படம் போட்டு, எட்டாம் வகுப்புக்குச் சொல்வது போலச் சொல்லியிருக்கிறாள். நான்கு வரி. நான் நாற்பது நாள் பேசி ஒருவருக்கும் புரியாதது.

"அப்ப என்னாலதான் வேலை கிடைச்சதா?" என்று கேட்டேன். எனக்கு எப்போதுமே கொஞ்சம் அவசரம்.

அக்கா இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்தாள். கையில் அகப்பட்டது பைல். அதாலேயே அடித்தாள். நான்கைந்து அடிக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது தாமதமானாலும் காரணம் ஒன்றுதான். அம்மாவின் இட்லி வேகவில்லையா, அத்தானுடைய ரயில் லேட்டா (ஆமாம், அக்காவுக்குக் கல்யாணமும் ஆயிற்று), "யாருக்கோ எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்பார்கள். நான் இப்போது அதே ஒர்க்‌ஷாப்பில் பர்மனென்ட். தினம் நான்கு டர்போ என்ஜினை என் கையால் பிரித்து மாட்டுகிறேன். வீட்டில் அதற்கு மதிப்பு கிடையாது.

போன தை மாதம் எனக்குப் பெண் பார்க்கப் பண்ருட்டிக்குப் போயிருந்தோம். பெண்ணின் அப்பா முந்திரி வியாபாரி. பஜ்ஜி, கேசரி எல்லாம் முடிந்த பிறகு அவர் அக்காவிடம், "மாப்ள மெஷினெல்லாம் நல்லா பாப்பாருங்களா?" என்று கேட்டார்.

அக்கா முகத்தில் ஓர் அசைவில்லை. "அவனுக்கு எல்லாமே தெரியுங்க," என்றாள்.

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். முந்திரி வியாபாரிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"அப்போ நல்லதாப் போச்சு. வாசல்ல நம்ம டீசல் வண்டி கொஞ்சம் புகை விட்டுக்கினு இருக்கு. மாப்ளய ஒரு பார்வை பாக்கச் சொல்லுங்களேன்."

நான் எழுந்தேன். நிஜமாகவே எனக்கு அது தெரியும். கேட்ட மாத்திரத்தில் மூன்று காரணங்கள் மனசில் ஓடிவிட்டன. ஆனால் எனக்கு முன்னால் அப்பா எழுந்துவிட்டார். கூட்டத்தில் வாயே திறக்காத மனிதர், போய் வாசல் நிலையை அடைத்துக்கொண்டு நின்றார்.

"அவன் உக்காந்து காபி குடிக்கட்டும்," என்றார் சம்பந்தியிடம், ரொம்ப மரியாதையாக. "கல்யாணம் முடியட்டுங்க."